பிணை நின்றவள்

ஒடீல் ரவேவுக்கு வாய் நீளம் என்று மொந்த்ரூவாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் வீட்டு அடுப்பில் எரியும் விறகுக்கு அவள் போட்ட கையெழுத்துதான் பிணை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். ஊர்க்காரர்களுக்கு ஞாபகசக்தி அப்படி. வேண்டியபோது வரும், வேண்டாதபோது ஓடிவிடும்.

ஒடீல் பால் வண்டி ஓட்டுகிறவள். கோழி கூவுமுன் எழுந்து, பண்ணை பண்ணையாகப் போய், குழாய் மாட்டிப் பாலை உறிஞ்சிக்கொண்டு வந்து சீஸ் ஆலையில் இறக்குவாள். கணவன் பாத்ரிஸ் அதே ஆலையின் நிலவறையில் சீஸ் வட்டுகளுக்கு உப்புத் தேய்த்துப் புரட்டிப் போடுகிறவன். அவன் பேசுவது அபூர்வம், பேசினால் சுருக்கென்று இருக்கும். அவளுடைய அப்பா மர அறுவை ஆலையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர். மிச்ச விரல்களை வைத்துக்கொண்டே மகளுக்கு மரம் வெட்டச் சொல்லிக்கொடுத்தார். மகன் இருந்திருந்தால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்பதையும் அடிக்கடி சொல்வார். அந்தக் கடுப்பில்தான் ஒடீல் வெட்டவே கற்றுக்கொண்டாள்.

மொந்த்ரூவாவுக்குச் சொந்தமாகக் காடு இருக்கிறது. ஊருக்குப் பொதுச் சொத்து. நவம்பர் தொடக்கத்தில் சகல புனிதர் திருநாள் முடிந்ததும் மேயர் தன் தொப்பிக்குள் எண் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார். வீட்டுக்கு ஒருவர் வந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த எண்ணோ அந்தப் பங்கு. டாக்டர் வீடானாலும் பால் வண்டிக்காரி வீடானாலும் ஒரு பங்குதான். பனிக்காலம் முழுக்க வார இறுதிகளில் போய் அவரவர் பங்கை வெட்டி, அடுக்கி, உலர்த்தி, அவரவர் அடுப்பிலேயே எரிக்க வேண்டும். வெளியே விற்கக் கூடாது.

சும்மா கொடுக்கிறார்களா என்றால் இல்லை. ஊருக்காக மூன்று பேர் பிணை நிற்க வேண்டும். யாராவது தன் பங்கில் வெட்டக் கூடாத மரத்தை வெட்டினாலோ, மரக்கன்றுகளை மிதித்து நசுக்கினாலோ, மழை ஈரத்தில் டிராக்டரை விட்டு மண்ணைக் கிழித்தாலோ, வனத்துறை அந்த ஆளைத் தேடிப் போகாது. பிணைக்காரர் மூவரின் கழுத்தைப் பிடிக்கும். சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு என்று சொல்லிக்கொள்வார்கள். அது எவ்வளவு என்று பிறகு பார்ப்போம்.

ஒடீல் முதன்முதலாகப் பிணை நிற்கக் கையைத் தூக்கியபோது மண்டபமே சிரித்தது. "வெங்காயம் வெட்டற வேலை இல்ல ஒடீல், மரம் வெட்டற வேலை" என்றான் ஒருவன். "உன் வீட்டுல ரெண்டையுமே உன் பொண்டாட்டிதானே வெட்டறா" என்றாள் ஒடீல். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவள் கை மேலே போனது.

அவள் வெறும் பேருக்குப் பிணை நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் ஒரு சுற்று வருவாள். டாக்டர் தன் பளபளக்கும் காரைச் சேற்றுப் பாதையில் இறக்கியபோது, அவர் நோயாளிகள் முன்னாலேயே அவரை வறுத்தெடுத்தாள். ஒரு தடவை புதிதாகக் குடிவந்த ஒருவன், மரங்கொத்தி துளைத்து ஓட்டையும் உடைசலுமாய் நின்ற, பட்டுப்போன பீச் என்ற காட்டுமரத்தில் ரம்பத்தை வைத்துவிட்டான்.

"செத்த மரம்தானேம்மா?"

"செத்தது உன் மூளை. மேல வௌவால் இருக்கு, நடுவுல ஆந்தை இருக்கு, கீழ எறும்பு இருக்கு. இத்தனை பேரு வாடகையில்லாம குடியிருக்கற வீடு. நீ ஒத்த ஆளு குளிர் காயறதுக்கு இது வேணுமா உனக்கு?"

அவன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பீச் மரம் இன்னும் நிற்கிறது.

எதை வெட்டலாம் என்பதை வனக்காவலர்தான் முடிவு செய்வார். முன்பெல்லாம் அவர் காட்டு விளிம்பில் வனத்துறை வீட்டிலேயே குடியிருந்தார். வெட்ட வேண்டிய மரத்தின் அடியில் பட்டையைச் சீவி, சுத்தியலால் முத்திரை அடிப்பார். முத்திரை இருந்தால் வெட்டு, இல்லாவிட்டால் தொடாதே. மொந்த்ரூவாப் பிள்ளைகள் எழுத்துக் கற்குமுன் இதைக் கற்றுக்கொள்ளும்.

பிறகு மேலிடத்தில் யாரோ உட்கார்ந்து, காட்டுக்கு இத்தனை ஆள் எதற்கு என்று யோசித்தார்கள். காவலர் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கோடையில் வந்து நாற்காலி போட்டு வெயில் காய்கிறார். சுற்றுவட்டாரத்து ஊர்க்காடுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பையனைப் போட்டார்கள். பெயர் கோராந்தன். கெட்ட பையன் இல்லை. படித்தவன், மரத்தின்மேல் உண்மையான பாசம் உள்ளவன். ஆனால் அவனைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. போன் போட்டால் இயந்திரக் குரல்தான் பேசும். ஒரு மரம் முதிர இரண்டு மூன்று தலைமுறை காத்திருக்க வேண்டிய வேலைக்கு, அரை நாள் நின்று பேச நேரமில்லாத ஒருவனைப் போடுவது எந்த ஊர் நியாயம்? கேட்டால் சிக்கனம் என்பார்கள்.

அந்த வருஷம் குலுக்கலுக்கு வந்தது ஊர்க்காட்டில் கல்குழிக் காடு என்கிற பகுதி. அடர்ந்து, நெருக்கியடித்து வளர்ந்த காடு. கோராந்தன் அதற்கு ஒரு யோசனை வைத்திருந்தான், தங்கமான யோசனை. அங்கே நல்ல மரங்கள் கொஞ்சம்தான். நேராய் வளர்ந்த ஓக், அதைவிட அரிதாய் அலீசியே. அலீசியே என்பது இலையுதிர் காலத்தில் பழுப்புப் பழம் காய்த்துப் பறவைகளைக் கூப்பிட்டு விருந்து வைக்கும் மரம், காட்டில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. இவற்றுக்கு நடுவே, விறகுக்கென்றே பிறந்ததுபோல ஷார்ம் மரங்கள் புதர் புதராய் மண்டிக் கிடந்தன. ஷார்மை வெட்டினால் ஊருக்கு வயிறு நிறைய விறகு, நல்ல மரங்களுக்கு வெளிச்சம், பறவைக்குப் பழம். எல்லாருக்கும் லாபம். வெட்ட வேண்டிய ஷார்ம் ஏராளம், விட வேண்டியவை கொஞ்சம் என்பதால், அவன் விட வேண்டிய மரங்களுக்குச் சிவப்புச் சாயத்தில் வளையம் போட்டான். குறி போட்டதை விடு, மிச்சத்தை வெட்டு. வழக்கத்துக்கு நேர் தலைகீழ்.

இதை ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அவன் மேயர் ரேமோனுக்குப் போன் போட்டுச் சொன்னான். ரேமோன் டிராக்டர் விற்பவர். அந்த நேரம் விவசாயக் கருவிக் கண்காட்சியில் ஒரு வாடிக்கையாளரின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "சரி தம்பி, சரி சரி" என்றார். கோராந்தனும் சொல்லியாயிற்று என்று அடுத்த ஊர்க் காட்டுக்குப் போய்விட்டான்.

சீட்டெடுத்த ஜனம் தன் தன் பங்கைப் பார்க்கப் போனது. சிவப்பு வளையம் கொழுத்த ஓக்கிலும் அழகழகான அலீசியேயிலும் இருப்பதைக் கண்டதும் எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. இப்படிப்பட்ட மரத்தை எந்த மேயரும் விறகுக்குக் கொடுத்ததில்லை.

"ரேமோனுக்கு இந்த வருஷம் மனசு விரிஞ்சிருச்சுய்யா."

"மனசு இல்லடா. மார்ச்."

மார்ச்சில் ஊர்த் தேர்தல். அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டதென்று எல்லாரும் நினைத்தார்கள். ஓட்டுக்காக மேயர் நல்ல மரத்தை வாரி இறைக்கிறார் என்று ஒரு ஊரே சந்தேகமில்லாமல் நம்பியது. நம்பும்படிதான் அவரும் இத்தனை காலம் நடந்துகொண்டிருந்தார்.

ஒடீலுக்கு மட்டும் உறுத்தியது. அவள் பங்கிலேயே ஒரு அலீசியே இருந்தது, தூண்போல நேராக. அதற்கும் வளையம். குறிகளும் என்றைக்கும் இல்லாத அளவுக்குக் குறைவு. கோராந்தனுக்குப் போன் போட்டாள், இயந்திரக் குரல். மறுநாள் மறுபடி போட்டாள், அதே குரல். பிறகு ரேமோனுக்குப் போட்டாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ரேமோன், கல்குழிக் காட்டுல குறியெல்லாம் நல்ல மரமாப் பாத்துப் போட்டிருக்கு. எனக்குச் சரியாப் படல. வெட்டறதா, விடறதா?"

"குறி போட்டா வெட்டு. உங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தானே? இதுக்கெல்லாம் ஒரு போனா?"

"அந்தப் பையன்கிட்ட கேட்டியா நீ?"

"பேசியாச்சு, பேசியாச்சு. ஜனம் சந்தோஷமா இருக்கு ஒடீல். நீ பூந்து கெடுக்காத."

அவள் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினாள். பாத்ரிஸ் சூப் குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டான். மறுநாள் சந்தேகம் கேட்டவர்களிடமெல்லாம், "மேயர் வெட்டச் சொல்லிட்டார்" என்று அவளே சொன்னாள். ஊர் முழுக்க அதைக் கேட்டது. இதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் ஊர் வைத்துக்கொள்ளவில்லை.

வெட்டினார்கள். ஒடீலும் வெட்டினாள். அலீசியே விழுந்தபோது வெட்டுவாய் இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் மோட்டார் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அடிமரத்தின்மேல் கை வைத்து நின்றாள். பிறகு துண்டு போட்டு அடுக்கினாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் கோராந்தன் காட்டைப் பார்க்க வந்தான். ஒடீல் சீஸ் ஆலையில் பால் இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் வந்து வண்டிப் பக்கம் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"மாத்தி வெட்டிட்டீங்களே மதாம். விடச் சொன்னதை வெட்டி, வெட்டச் சொன்னதை விட்டிருக்கீங்களே!"

"யார்கிட்டப்பா சொன்ன?"

"மேயர்கிட்ட. போன்ல. தெளிவாச் சொன்னேன்."

ஒடீல் குழாயைப் பிடுங்கியபோது பால் தரையில் கொட்டியது.

"நான் உனக்கு ரெண்டு தடவை போன் போட்டேன். ஒரு தடவையாவது எடுத்திருந்தா அத்தனை மரமும் நின்னிருக்கும். வளர்க்கத் தெரியும் உங்களுக்கு, வாயத் திறந்து சொல்லத் தெரியாதா?"

அவன் அழுதுவிடுவான்போல இருந்தது. அவளுக்கு இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததற்காக இன்னும் எரிச்சல் வந்தது.

விஷயம் வனத்துறை மேலதிகாரிகளுக்குப் போயிற்று. அவர்கள் மேயரைக் கேட்டார்கள். தேர்தலுக்குச் சில வாரமே இருந்தது. ரேமோன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்: "வெட்டச் சொல்லி நான் யாருக்கும் சொல்லல. காடு தெரிஞ்சவங்கன்னுதான் பிணைக்காரங்களையே வெக்கறோம். அவங்கதான் பாத்துக்கணும்." கோராந்தன் பக்கத்திலேயே இருந்தான். அவன் வேலை தற்காலிக வேலை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்ற இரண்டு பிணைக்காரர்களில் ஒருவன் மேயரின் தங்கை புருஷன். இன்னொருவனுக்குத் திடீரென்று முதுகுப் பிடிப்பு வந்து படுத்துவிட்டான். ஆகக் கழுத்து என்று மிஞ்சியது ஒடீலுடையதுதான். அதிகாரிகள் ஒரு வழியும் சொன்னார்கள். தவறு தன்னுடையது என்று பிணைக்காரி ஊர் முன்னால் ஒப்புக்கொண்டால் எச்சரிக்கையோடு கோப்பை மூடிவிடலாம். மறுத்தால் விசாரணை. விசாரணை முடியும்வரை ஊருக்கு விறகுப் பங்கு கிடையாது.

அன்று சாயங்காலம் யோலாந்த் வந்தாள். தனி ஆளாய் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள், ஊராட்சி வீட்டில் குடியிருப்பவள், ஒடீலுக்கு நெடுநாள் சிநேகிதி. ஒடீல் போட்டுக்கொடுத்த காபியைக் குடிக்காமல் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடு ஒடீல். ஒரு வார்த்தைதானே. உண்மை எங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்ல? அப்ப நீ சொல்லேன் அந்த உண்மைய."

"எனக்கு வீடு குடுத்திருக்கறது ரேமோன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு. எனக்கு மட்டும்தான் இல்ல, அதானே?"

"விறகு இல்லேன்னா நான் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணுவேன்?"

யோலாந்த் போன பிறகு பாத்ரிஸ் சொன்னான்: "உனக்கு வாய் நீளம்னு சொல்லிச் சொல்லி, இப்ப ஊரே அந்த வாயைத்தான் இரவல் கேக்குது."

அவள் இரவல் கொடுத்தாள். மண்டபத்தில் எழுந்து நின்று, "குறியைச் சரியாப் பாக்காதது நான். தப்பு என்னுது" என்றாள். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. உண்மை தெரிந்த ஊர் மொத்தமும் உட்கார்ந்து கேட்டது. ஒரு நாற்காலிகூட அசையவில்லை. ரேமோன் எழுந்து வந்து, அவள் தோளில் கை வைத்து, "ஒடீலுக்குப் பெரிய மனசு. தப்பு யாருக்கும் வரும்" என்றார். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்தக் கை அப்படியே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. மார்ச்சில் அதே கையை ஆட்டி ஆட்டி ஓட்டும் வாங்கி ஜெயித்தார்.

கோடை முழுக்க ஒடீல் அதைச் சுமந்தாள். ரொட்டிக் கடையில், அவள் கேட்கும்படியே ஒருவன், "குறி தெரியாத பிணைக்காரி" என்றான். போன குளிர்காலத்தில் அவள் வாயால் மேயர் சொன்னதைக் கேட்டு ஓக்கை வெட்டிச் சாய்த்தவன் அவன். அவன் வீட்டுப் பின்பக்கம் அந்த ஓக் அடுக்கடுக்காக உலர்ந்துகொண்டிருந்தது. ஒடீல் ரொட்டியை வாங்கிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக, வாய் திறக்காமல் வந்துவிட்டாள். சனிக்கிழமை நடையை நிறுத்தினாள். பூட்ஸ் கதவுக்குப் பின்னால் கிடந்து தூசி படிந்தது.

அடுத்த இலையுதிர் காலம் வந்தது. குலுக்கலுக்கு முன்னால் பிணைக்காரர்களைத் தேர்ந்தெடுக்க மண்டபம் கூடியது. ரேமோன் வழக்கம்போல, "யார் நிக்கறீங்க?" என்றார். ஒரு கையும் எழவில்லை.

மறுபடி கேட்டார். தங்கை புருஷன் தனக்கு வேலை அதிகம் என்றான். முதுகுப் பிடிப்புக்காரன் முதுகைத் தடவினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார், ஒவ்வொரு முகமும் குனிந்தது. பிணை நின்றவளுக்கு என்ன நடந்தது என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். எவனாவது போய்த் தலையைக் கொடுப்பானா?

"பிணை இல்லேன்னா பங்கு இல்ல. சட்டம் அது" என்றார் ரேமோன். "காட்டு மரத்தை நின்ன வாக்கிலேயே வித்துட வேண்டியதுதான். கம்பெனி மெஷின் வந்து வழிச்சுக்கிட்டுப் போகும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

மெஷினுக்கு ஓட்டை மரம், பழ மரம் என்ற பேதம் கிடையாது. விறகும் போகும், காடும் போகும். கோராந்தன் மேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூடிய பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான். மண்டபத்தின் கண்கள் மெதுவாக ஒவ்வொன்றாய்த் திரும்பிக் கடைசி வரிசையில் இருந்த ஒடீல்மேல் வந்து நின்றன.

அவள் எழுந்தாள்.

"நிக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி மேயர் ஒரு வார்த்தை சொல்லணும். கல்குழிக் காட்டைப் பத்தி நான் போன்ல கேட்டப்ப அவர் என்ன சொன்னாருன்னு இங்க எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"முடிஞ்சு போன கதை ஒடீல்."

"உனக்கு முடிஞ்சு போச்சு. எனக்கு ரொட்டி வாங்கப் போறப்பல்லாம் நடக்குது."

ரேமோன் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க யாரும் வரவில்லை. கோராந்தன் பக்கம் திரும்பினார். அவன் இந்தத் தடவை பூட்ஸைப் பார்க்கவில்லை, மேயரையே பார்த்தான். "நான் உங்ககிட்ட தெளிவாத்தான் சொன்னேன், மெஸ்யே மேயர்" என்றான். குரல் உடைந்திருந்தது. ஒரு வருஷம் தாமதமாக வந்த உண்மைக்குக் குரல் எங்கே நன்றாக இருக்கும்?

மேயர் கோட்டை எடுத்து மாட்டினார். "கூட்டம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். வழக்கமாக அவர் எழுந்தால் எல்லாரும் எழுவார்கள், பக்கத்து அறையில் வைன் ஊற்றுவார்கள். அன்று ஒருவரும் எழவில்லை. அவர் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார்.

அப்போது யோலாந்தின் குரல் கேட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"சொல்லிடுங்க ரேமோன். ஒரு வார்த்தைதானே. உண்மை எங்க எல்லாருக்கும் தெரியும்."

பிறகு அவர் கதவைப் பார்த்தபடியே முனகினார்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்."

"கதவுகிட்ட சொல்லாத" என்றாள் ஒடீல். "திரும்பிச் சொல்லு."

திரும்பினார். காதுமடல் வரை சிவந்திருந்தது. "பையன் விடச் சொன்னான். நான் சரியாக் காதுல வாங்கல. ஒடீல் கேட்டப்ப வெட்டச் சொன்னேன். அப்புறம் இல்லேன்னு சொன்னேன்."

அதற்கப்புறம்தான் ஒடீல் கையைத் தூக்கினாள். யோலாந்த் தூக்கினாள். மூன்றாவதாகப் பாத்ரிஸ், "வீட்டுக்கு ரெண்டு பேரு நிக்கலாமான்னு தெரியல, சும்மா தூக்கி வெக்கறேன்" என்றான். யாரோ சிரித்தார்கள். ரொட்டிக் கடையில் பேசியவன் தலையைக் குனிந்துகொண்டு தன் கையையும் தூக்கினான். அவனைப் பார்த்து ஒடீல் சிரிக்கவில்லை. மன்னிக்கும் வேலை அவள் பிணையில் சேர்ந்தது இல்லை. வெட்டிப்போட்ட அலீசியேக்களும் யார் எதை ஒப்புக்கொண்டாலும் எழுந்து நிற்கப் போவதில்லை.

"இப்ப நீ எந்திரி தம்பி" என்றாள் கோராந்தனைப் பார்த்து. "ஒருத்தர் காதுல ஊதாத. இந்த மண்டபத்துக்குச் சொல்லு. இந்த வருஷம் குறி வெட்டறதுக்கா, விடறதுக்கா?"

அவன் எழுந்து நின்றான். "விடறதுக்கு."

"கடைசி வரிசைக்குக் கேக்கல."

"விடறதுக்கு!" என்று கத்தினான்.

ஒடீல் முன்னால் நடந்து வந்து, கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள். மேயர் தன் கோட்டுப் பையைத் தடவி எடுத்துக் கொடுத்தார்.